எலும்புக்கூடு மணியடிக்கும் தட்டு

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் தென்காசியில் நாங்கள் ரெக்கார்டிங் சென்டர் நடத்திய காலத்தில், அட்டைப் படத்தை வைத்தே எந்த இசைத்தட்டு எந்த வரிசையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். கேசட்டில் பெயர் எழுத வேண்டுமென்றால், தட்டிலுள்ள எழுத்தைப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி வரைவேன். ஒரு கோடு பிசகாது. வருகிறவர்களிடம் பேசுவது வீட்டுக்காரர் வேலை. பதிகிற வேலை என்னுடையது. அவர் இருந்தவரைக்கும், "அவ காதுக்குத் தப்பாது" என்றுதான் எல்லாரிடமும் சொல்லுவார்.

ஒவ்வொரு கேசட்டின் கடைசியிலும் கொஞ்சம் நாடா மிஞ்சும். அதில் மைக்கைப் பிடித்துக் கடைப்பெயரைச் சொல்லி, "தட்டுல உள்ளது உள்ளபடியே பதிஞ்சிருக்கு, கொறை இருந்தா கொண்டு வாங்க" என்று பேசி வைப்பேன். ஒருவரும் கொண்டு வந்ததில்லை. கடையை மூடிய பிறகும் அந்தப் பெருமை என்னிடம் இருந்தது.

சாரல் காலத்தில் மூன்று மாதம் குற்றாலத்தில் ஒரு சின்னக் கடை பிடிப்போம். சினிமாப் பாட்டெல்லாம் தென்காசியிலேயே பதிந்து மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவோம். ஒரு வருஷம், கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் குளிக்க வந்திருந்தார். அவர் கையில் ஒரு தட்டு. அட்டையில் ஒரு எலும்புக்கூடு கோயில் மணி மாதிரி ஒன்றை அடித்துக்கொண்டு நின்றது. கிட்டாரும் கொட்டும் வெறிபிடித்து ஓடுகிற இந்த வகைப் பாட்டுக்குத் திராஷ் மெட்டல் என்று பெயர் என்றார். மறுநாள் காலை ஊருக்குப் போகிறேன், அதற்குள் வேண்டுமானால் பதிந்துகொள்ளுங்கள் என்று கொடுத்தார்.

சாயங்காலம் தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தேன். மெயினருவியில் தண்ணீர் கூடுகிற நாளில் ஓரமாக நின்றால் கன்னத்தில் அறை மேல் அறையாக விழும். துணிந்து உள்ளே தலையைக் கொடுத்துவிட்டால் சத்தமே தெரியாது, உடம்பு மட்டும் அதிரும். அப்படி இருந்தது எனக்கு. வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். நான் இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்டுக்கொண்டே கேசட்டில் பதிந்தேன். அந்த ஒரு கேசட்டை வைத்துத்தான் அப்புறம் தென்காசியில் எத்தனையோ பிரதி போட்டோம். செங்கோட்டை, கடையநல்லூர் என்று பையன்கள் தேடி வந்து வாங்கினார்கள்.

அவர்களில் ஒருவன் வடகரைக்காரன். அப்போது பாலிடெக்னிக் படித்தான். அந்தக் கேசட்டைக் கேட்டே கிட்டார் வாங்கி, நாடாவைத் திருப்பித் திருப்பி ஓட்டி, விரல் கொப்புளிக்கப் பழகினான். இப்போது பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறான். தலை வழுக்கை. ஆனால் என்னை இன்னும் அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

இந்தச் சாரலில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். பையிலிருந்து புதுத் தட்டு ஒன்றை எடுத்தான். அதே எலும்புக்கூடு, அதே மணி. ஆனால் நிறமெல்லாம் பளிச்சென்று இருந்தது. ரீமாஸ்டர் என்றான். முதலில் பதிந்த நாடாவையே எடுத்து, அழுக்கு நீக்கி, அமுங்கிக் கிடந்த சத்தத்தையெல்லாம் மேலே கொண்டு வந்து, புதுசாகப் போட்டிருக்கிறார்களாம். எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்தி எடுத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

"ஆனா கெடுத்துட்டானுவ யக்கா" என்றான். "நீங்களே கேளுங்க."

தட்டு ஓட்டும் என் பழைய சுழல்பெட்டியைத் துடைத்துப் போட்டேன். எத்தனையோ நாள் கழித்து ஊசி தட்டில் இறங்கியது. முன்பு கேட்காத கனத்த கிட்டார் ஒன்று தரைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. எல்லாம் தெளிவு. ஆனால் வேகம் இல்லை.

"இழுக்குதுல்லா? சவ ஊர்வலம் போற மாதிரி வாசிக்கானுவ" என்றான்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் கேசட்தான் சரி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவன் அதற்காகத்தான் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் சிநேகிதன் லாட்ஜ் ஹாலில் அந்தக் கேசட் வாங்கிய பழைய ஆட்கள் எல்லாரும் கூடுகிறார்களாம். கேசட்டையும் தட்டையும் அடுத்தடுத்துப் போட்டு, வீடியோ எடுத்து, தட்டுப் போட்ட கம்பெனிக்காரன் மானம் போகிற மாதிரி இணையத்தில் விடப் போகிறார்களாம். நான் வந்து, உள்ளபடியே பதிந்தேன் என்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும். வருகிறேன் என்றேன். அவன் பையில் கொண்டு வந்திருந்த பழைய கேசட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

மறுநாள் காலையில் அதை முழுசாக ஓடவிட்டேன். பாட்டு முடிந்து கடைசியில் ஒரு குரல் வந்தது. "தட்டுல உள்ளது உள்ளபடியே..." கீச்சென்று, ஆறாங்கிளாஸ் பிள்ளை பேசுகிற மாதிரி. திருப்பிக் கேட்டேன். வார்த்தை என்னுடையது. குரல் என்னுடையதில்லை.

கொஞ்ச நேரத்தில் விளங்கிவிட்டது. சீசனில் லாட்ஜ் முழுக்க விளக்கும் மோட்டாருமாக ஓடும். சாயங்காலமானால் குற்றாலத்தில் வோல்டேஜ் விழுந்துவிடும். எங்களிடம் கரண்டைச் சீராக வைக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றுதான். அதைச் சுழல்பெட்டிக்குக் கொடுத்திருந்தோம். கேசட் டெக் வெறும் கரண்டில் நொண்டி நொண்டி ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்த பாட்டு, நல்ல கரண்டில் போட்டால் விரைந்துதான் ஓடும், குரலும் கீச்சிடும். நான் சரிபார்த்ததும் அதே நொண்டி டெக்கில்தான். தென்காசியில் பிரதி போடும்போது பாட்டுத்தான் காதில் விழும், கடைசிப் பேச்சு வருமுன் அடுத்த கேசட்டைத் தேடப் போயிருப்பேன். அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்? அந்தத் தட்டை வேறு யாரும் கேட்டதுமில்லை, ஒப்பிட்டுப் பார்க்க.

கத்தரிக்கோலை எடுத்தது உண்மை. கடைசி இரண்டு முழ நாடாவை வெட்டிவிட்டால் முடிந்தது. அவர்கள் முதல் பாட்டைத்தான் போடப் போகிறார்கள். ஆனால் குறை இருந்தால் கொண்டு வாருங்கள் என்று சொன்னவள் நான். ஒருவன் கொண்டு வந்துவிட்டான். கத்தரிக்கோலை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பதினைந்து பேர் இருப்பார்கள். கறுப்பு பனியன் எல்லாருக்கும் தொந்தியில் இழுத்துப் பிடித்திருந்தது. வடகரைக்காரன் போனை ஸ்டாண்டில் மாட்டினான். முதலில் கேசட்டின் கடைசியைப் போடு என்றேன். போட்டான். கீச்சுக் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"இது ஒங்க மவ பேசுனதுல்லா யக்கா?" என்றான் ஒருவன்.

"எனக்கு ஏதுலே மவ? அது நான்தான். கொறை தட்டுல இல்ல, எங்கிட்ட" என்றேன். வோல்டேஜ் கதையைச் சொன்னேன்.

வடகரைக்காரன் தன் இடது கை விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். காய்ப்புக் காய்த்த விரல்.

"அப்போ இந்த வேகத்துல அவனுவளே வாசிக்கலயா?"

"இல்லலே."

"நான் வாசிக்கேனே" என்றான்.

அவ்வளவுதான். ஹாலே கிடுகிடுத்தது. ஒருவன் நாற்காலி மேல் ஏறினான். வடகரைக்காரன் கொண்டு வந்திருந்த கிட்டாரை மாட்டிக்கொண்டு முதல் பாட்டை எங்கள் கேசட் வேகத்தில் வாசித்தான், ஒரு இடம் பிசகாமல். நான் முன்னால் உட்கார்ந்து, உடம்பு அதிர அதிரக் கேட்டேன். காது இன்னும் எனக்கு அப்படியேதான் இருக்கிறது.

முடிந்ததும் அந்தப் போனை இப்படிக் கொடு என்று வாங்கினேன். மைக் மாதிரி வாய்க்குக் கிட்டே பிடித்துக் கடைப்பெயரைச் சொன்னேன். "தட்டுல உள்ளதவிட இது கொஞ்சம் வேகமா இருக்கும். கொறைன்னு நெனச்சா கொண்டு வாங்க" என்று சொந்தக் குரலில் பேசி, போனை அவன் கையில் கொடுத்தேன்.