சத்தமில்லாத காரும் சத்தம் போடும் ஜனமும்

எலக்ட்ரிக் கார் விற்கிற தொழிலில் ஒரு விசேஷம், வாங்க வருகிறவர்களைவிட வாங்காதே என்று சொல்ல வருகிறவர்கள்தான் ஜாஸ்தி. துணிக்கடையோ செல்போன் கடையோ, நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்த சக ஜீவன்களே, உங்களுக்கு இது புரியும்.

பெங்களூர் மர்பி டவுனிலிருந்து பஸ் மாறி அடுகோடி ஷோரூமுக்கு வருகிற எனக்கு, சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனாலும் இந்த வண்டிமேல் அப்படியொரு பைத்தியம். பெட்ரோல் கார் கம்பெனியில் உருப்படியாக இருந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன். வந்து சேர்ந்த பிறகு மேனேஜர் நாகராஜ் சார் சாவகாசமாக ஒரு குண்டைப் போட்டார். இந்த மாதத்துக்குள் ஒரு வண்டியாவது என் கையால் டெலிவரி ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை.

பொறுத்திருப்பவர்

ரெஜினா டீச்சர் ஹைஸ்கூலில் கணக்கு எடுக்கிறவர். முதல் கார் வாங்க வந்திருந்தார். டெஸ்ட் டிரைவில் சிக்னல் பச்சையானதும் லேசாகத்தான் மிதித்தார், பக்கத்தில் உறுமிக்கொண்டு நின்ற பைக் பையன்கள் எல்லாம் கண்ணாடியில் குட்டியாகிப் போனார்கள். டீச்சர் சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கே புல்லரித்துவிட்டது.

ஷோரூமுக்குத் திரும்பினால், அங்கே எங்கள் வாடிக்கையான ஆசாமி உட்கார்ந்திருந்தார். சும்மா வருவார், ஏசியில் உட்காருவார், காபி குடிப்பார், விலை இறங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். டீச்சரிடமும் ஆரம்பித்துவிட்டார். "அவசரப்படாதீங்க மேடம். பேட்டரி விலை இறங்கிட்டே வருது. நான் எத்தனை வருஷமா பொறுத்திருக்கேன் பாருங்க."

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விலை இறங்குச்சோ இல்லையோ சார், உங்களுக்கு வயசு ஏறிடுச்சு. நான் புக் பண்றேன்."

நக்கோ

அதே வாரம் சிவாஜிநகரிலிருந்து ஒரு துணிக்கடை பாய் வந்தார். வாங்குவதற்கு முன்னாலேயே, விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்கிற ரகம். அவருக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது. கடைசியில், கடைத்தெருவிலேயே ஓட்டிப் பார்க்கிறேன் என்றார்.

மார்க்கெட் சந்துக்குள் வண்டி வழுக்கிக்கொண்டு நுழைந்தது. ஒருத்தர் நகர வேண்டுமே! பின்னால் கார் வருவதே யாருக்கும் தெரியவில்லை. ஆட்டுத்தலை விற்கிறவர் பானெட்மேல் சாய்ந்துகொண்டு நிதானமாகப் பேரம் பேசினார். பாய் வண்டியைத் தடவிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்: "நக்கோம்மா, வேணாம். வண்டி ஜோரா இருக்கு, ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். ஆனா எங்க தெருவுல சத்தம் போட்டாத்தான் மதிச்சு வழி விடுவாங்க."

காற்று

ஆக, டீச்சரை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. அந்த நேரம் பார்த்து டீச்சரிடமிருந்து போன். அப்பார்ட்மெண்ட் செக்ரட்டரி, கார் நிறுத்துகிற இடத்தில் சார்ஜிங் பாயிண்ட் போட விடமாட்டேன் என்கிறாராம். தீப்பிடிக்குமாம். பாயிண்ட் இல்லையென்றால் புக்கிங் கேன்சல்தான். "ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மீட்டிங். நீயே வண்டியோட வந்து பேசும்மா" என்றார்.

போகிற வழியில் டயரில் காற்று குறைவாகத் தெரிந்ததால் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். காற்று பிடிக்கிறவர் வண்டியைச் சுற்றி வந்தார், எலக்ட்ரிக் வண்டிக்கு மாட்டுகிற பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்தார், குழாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "பெட்ரோல் மட்டும் வேணாம், காத்து மட்டும் ஓசில வேணுமா? அதையும் வீட்லயே பிளக்ல சொருகி ஏத்திக்கிறதுதானே?"

மீட்டிங்

அன்றைக்குக் கிரிக்கெட் மேட்ச். அதனால் கார் பார்க்கிங்கிலேயே டிவியை வைத்து, பார்த்துக்கொண்டே மீட்டிங் நடத்தினார்கள். செக்ரட்டரி கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "எல்லாரோட உயிருக்கும் நான் பொறுப்பும்மா" என்றார். நான் பேட்டரி, ஃபியூஸ், எர்த் என்று அடுக்க அடுக்க, அவர் கண் டிவியிலேயே இருந்தது. டீச்சர் முகம் வாடிவிட்டது. என் வேலையும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

கடைசி ஓவர் ஆரம்பிக்கிற நேரம் சடசடவென்று மழை. பொசுக்கென்று கரண்ட் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை என்றார் வாட்ச்மேன். கூட்டமே தலையில் கை வைத்துக்கொண்டது.

எனக்குள் ஏதோ துள்ளியது. காரிலிருந்தே கரண்ட் எடுக்கலாமே! ஓடிப்போய் டிக்கியிலிருந்த ஒயரைக் காரில் சொருகி, டிவியையும் டிஷ் பாக்ஸையும் மாட்டினேன். டிவி உயிர் பெற்றது. பக்கத்து ஃபிளாட்காரர்களும் ஓடிவந்தார்கள். கடைசிப் பந்தில் நம் டீம் ஜெயித்ததும் செக்ரட்டரி டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மழை விட்டதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "ஆயித்து, சரி மேடம், பாயிண்ட் போட்டுக்கோங்க. ஒரே ஒரு கண்டிஷன். கரண்ட் போனா வண்டிய வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது."

நான் மூச்சு முட்டப் பேசியும் விற்காத எலக்ட்ரிக் காரை, கடைசியில் வராத கரண்ட்தான் வந்து விற்றுக் கொடுத்தது.