அடியில் பூசிய எண்ணெய்

நான் சேர்ந்திருந்த கார் கிளப்பிலிருந்து பட்டியல் வந்தது ஒரு திங்கட்கிழமை. அடுத்த வாரத்து ஞாயிறன்று கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பந்தயத் தடத்தில் நாங்கள் சிலர் அவரவர் சொந்தக் காரை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. பந்தயம் இல்லை, பரிசும் இல்லை. ஆனால் காலையில் ஒருவர் ஒவ்வொரு காருக்கும் அடியில் படுத்துப் பார்ப்பார். பட்டியலில் ஒன்று குறைந்தாலும் வண்டியைத் தடத்தில் இறக்க விடமாட்டார். கையில் பதின்மூன்று நாள் இருந்தது.

புது பிரேக் ஆயில், தேயாத பிரேக் பேடு, ஆடாத பேட்டரி, காலியான டிக்கி, ஹெல்மெட் என்று போன பட்டியலின் கடைசி வரி என்னை உட்கார விடவில்லை. வண்டிக்கு அடியில் எந்த இடத்திலும் எண்ணெய் ஈரம் இருக்கக் கூடாது.

இராமநாதபுரத்தில் அப்படி ஒரு காரை நான் பார்த்ததில்லை. கடற்காற்றின் உப்பு மூன்று வருஷத்தில் கதவின் அடிவிளிம்பைத் தின்றுவிடும். அதனால் இங்கே வண்டியைக் கழுவி முடித்ததும் பழைய எஞ்சின் ஆயிலில் டீசல் கலந்து அடிப்பகுதி முழுக்கப் பீய்ச்சிவிடுவார்கள். யாரும் கேட்க வேண்டியதில்லை. அடிக்காமல் விட்டால்தான் சண்டை வரும்.

வேகத்தின் மேல் ஆசைப்பட்டு நான் இதில் சேரவில்லை. ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் நானும் மனைவியும் இராமேஸ்வரத்தில் அவளுடைய அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு தனுஷ்கோடிக்குப் போனோம். திரும்பும்போது முன்னால் போன சுற்றுலா வேன் படம் எடுப்பதற்காகச் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். கார் இடப்பக்கம் வெட்டிச் சாலையோரக் கற்களில் ஏறி மணலில் இறங்கியது. அடி யாருக்கும் இல்லை. வண்டி வெட்டிய நேரத்தில் மனைவி "ஏங்க!" என்று கத்தியிருந்தாள். அன்று மாலை அக்கா வீட்டு வாசலில் நின்று எல்லோர் முன்னிலையிலும் நான் சொன்னேன்: "இவ கத்துன கத்துல ஸ்டியரிங்க ஒடிச்சிட்டேன்."

அவள் அடுத்த ஞாயிறு அக்காவைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினாள்.

"நான் வாயத் தொறந்தா ஒங்க வண்டி மண்ணுல எறங்கிரும். நான் பஸ்ஸுலயே போயிட்டு வாரேன்."

பிறகு எல்லா ஞாயிறும் பஸ்தான். நானும் அதன்பின் வண்டியை ஐம்பதுக்கு மேல் ஓட்டவில்லை. கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. ஆளில்லாத அகலமான தடத்தில் நாலு முறை அழுத்தி மிதித்துப் பார்த்தால் குற்றம் என் கையிலா, அவள் குரலிலா என்று தெரிந்துவிடும் என நினைத்தேன். அவள் குரலில்தான் என்று அப்போது நம்பவும் செய்தேன்.

புதன்கிழமை காலை ஒர்க்‌ஷாப் திறக்கும் முன்பே போய் நின்றேன். பல வருஷமாக என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பட்டியலைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"அடியில எண்ணெ இருக்கக் கூடாதாமா? எந்த ஊருக்காரன்ணே எழுதுனது? ஒரு மாசம் பாம்பன்ல குடியிருக்கச் சொல்லுங்க."

"சிரிக்காதீங்க. தொடைக்க முடியுமா, முடியாதா?"

"தொடைச்சிரலாம். ஆனா பொண்ணுக்குப் போட்ட நகையக் கழட்டுற மாதிரி இருக்கு."

மண்ணெண்ணெயும் சோப்புத் தண்ணீருமாக ஒரு பகல் முழுக்கத் துடைத்தார். நான் ஸ்டூலில் உட்கார்வதும் எழுவதும் டீக்கடைக்குப் போய்ப் பாதிக் குவளையோடு திரும்புவதுமாக இருந்தேன். மத்தியானம் அவர் முன் சக்கரங்களைக் கழற்றி பிரேக் பேடுகளை வெளியே எடுத்தார். இடப்பக்கத்துப் பேடு சாம்பல் நிறத்தில் காய்ந்திருந்தது. வலப்பக்கத்தது கறுத்துப்போய், எண்ணெய் தேய்த்த தோசைக்கல் மாதிரி மினுங்கியது. அதை மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"எண்ணெ குடிச்சிருக்கு. வலது பிரேக் பிடிக்காது, எடது மட்டும் பிடிக்கும். வண்டி எடப்பக்கமா வெட்டுமே, வெட்டலையா?"

நானும் வாங்கி மோந்து பார்த்தேன்.

"நம்ம செட்டுக்கு மேக்க செவரு கெடையாதுல்ல. மேக்கருந்து வர்ற கச்சான் காத்துல எண்ணெ அடிச்சா சாரல் பூரா வலப்பக்கச் சக்கரத்துக்குத்தான் போகும். அதுக்காகத்தான் நான் சாக்கப் போட்டு மூடிட்டு அடிக்கிறது. இது எப்படிப் போச்சுன்னு தெரியலையே."

எனக்கும் அப்போது தெரியவில்லை. வண்டிக்கென்று நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கழுவிய நாள், டயருக்குக் காற்றடித்த நாள், ஓடிய கிலோமீட்டர், அன்றைய வானிலை எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூட மாற்றாமல் அதைப் புரட்டினேன். ஆடி மாதத்து அந்த ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமையில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'மாலை. அடிப்பகுதி எண்ணெய். கச்சான் பலம். நேரமாகிவிட்டதால் கடைப் பையனிடம் சாக்கு வேண்டாம் என்றேன்.' அதற்கு முந்திய வருஷமும் ஆடியில் ஒரு சனிக்கிழமை எண்ணெய், ஞாயிற்றுக்கிழமை 'லேசாக இடப்பக்கம் இழுக்கிறது' என்று ஒரு குறிப்பு. இரண்டும் அடுத்தடுத்த வரிகள். எழுதியவன் நான். சேர்த்துப் படிக்காதவனும் நான்தான். அந்த ஞாயிற்றுக்கான வரி இன்னும் மோசம்: 'மனைவி கூச்சலிட்டதால் வண்டி சாலையை விட்டு இறங்கியது.'

மூன்று நாள் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். புதுப் பேடு போட்டாயிற்று, பிரேக் ஆயில் மாற்றியாயிற்று. பட்டியலில் எல்லாவற்றுக்கும் நேரே குறி போட்டுவிட்டேன். மனசு மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. சனிக்கிழமை காபி கொடுக்கும்போது அவளே கேட்டாள்.

"என்ன, ரேஸ் பயமா?"

"ரேஸ் இல்லன்னு எத்தன தடவ சொல்றது?" என்று எரிந்து விழுந்துவிட்டு, ஞாயிறு காலை அவள் பஸ்ஸுக்குப் பையை எடுத்தபோதுதான் நோட்டைப் பிரித்து நீட்டினேன். அவள் நின்றபடியே படித்தாள். திருப்பி முந்திய வருஷத்துப் பக்கத்தையும் படித்தாள்.

"கூச்சலிட்டதால்னு எழுதியும் வச்சிருக்கீங்களா?"

"அந்த வரிய அடிச்சிடுறேன்."

"அடிக்க வேணாம், இருக்கட்டும். அக்கா வீட்டுல வச்சுத்தான சொன்னீங்க? இதையும் அங்கன வந்து சொல்லுங்க."

பையைப் பின் சீட்டில் போட்டுவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

உச்சிப்புளி தாண்டி நேரான இடத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் வண்டி இல்லை. அழுத்தி மிதிக்கப்போகிறேன் என்று சொன்னேன். அவள் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். எண்பதில் மிதித்தேன். மிதித்த அதே நொடியில் என் காதுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே, முழுத் தொண்டையில், "ஏங்க!" என்றாள். கார் வெள்ளைக்கோட்டை விட்டு ஒரு விரல்கூட நகராமல் நேராக நின்றது.

"பாத்துக்கிட்டீங்கள்ல? போங்க."

பாம்பன் பாலம் முழுக்க அக்காவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன். கட்டிய எதுவும் வாசலில் உதவவில்லை. இலை போடும்போதுதான் சொல்ல முடிந்தது.

"மதினி, அன்னைக்கு இவ கத்துனதால இல்ல. எண்ணெய நான்தான் அவசரப்பட்டு அடிக்க வச்சேன். அதுல பிரேக் போயிருச்சு. நான் சொன்னது பொய்யாப் போச்சு."

அக்கா சாம்பார் வாளியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. இவ கத்துனா நீங்க என்னைக்குக் காது குடுத்திருக்கீங்க?"

மனைவி இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். ரெண்டு மாதத்தில் நான் கேட்ட அவளுடைய முதல் சிரிப்பு.

தடத்துக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. வெளியே காற்று எழும்பும் சத்தம் கேட்டது. அடியில் துளி எண்ணெய் இல்லாத வண்டி கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. சோற்றில் கை வைத்தவன் எழுந்தேன்.

"ஒக்காந்து சாப்புடுங்க" என்றாள் மனைவி. "ஒரு மத்தியானத்துல துருப்பிடிச்சிராது."