சரளைக்கல் சோறு

பக்கத்துக் காட்டில் சோளத்தட்டை எரியும் நாற்றம் வந்தால் இன்றும் எனக்கு அந்த வருஷம்தான் நினைவுக்கு வரும்.

தாது வருஷப் பஞ்சத்தில் அப்பா செத்தபின் கடமலைக்குண்டு மானாவாரிக் காட்டை அம்மாதான் பார்த்தாள். மழையில் மண் அரிக்காமலிருக்க, அறுத்த தட்டையை நிலமெங்கும் பரப்பியிருந்தாள். அவள் சந்தைக்குப் போன நேரத்தில் சித்தப்பா அதைக் கொளுத்திவிட்டார். காடைக்குஞ்சுகள் தோலுரிந்து வெந்து கிடந்தன.

"ஊரே குப்பைக்காடுன்னு சிரிக்குது மதினி. இப்பத்தான் லட்சணமா இருக்கு" என்று திரும்பிவந்த அம்மாவிடம் பல்லைக் காட்டினார்.

அடுத்த வாரமே கொட்டிய மழையில் மேல்மண் ஓடையோடு போனது. சரளைக்கல்தான் மிஞ்சியது. சித்தப்பா வெட்கமில்லாமல் வழக்கம்போலச் சாப்பிட வந்தார். அம்மா அவர் வட்டிலில் ஒரு கை சரளையைப் போட்டாள்.

"நம்ம காட்டு வெள்ளாமை. தின்னுங்க."

அதன்பிறகு எங்கள் வீட்டில் அவருக்குச் சோறு இல்லை. அந்த வருஷம் எங்களுக்கும் இல்லை.