பாப்பாயியின் செருப்புக் காவல்

எங்கள் குளக்கரைப் பூங்காவைப் பெருக்கும் பாப்பாயிக்கு முகங்கள் நினைவில் நிற்காது. செருப்பைக் காட்டினால் ஆளைச் சொல்லிவிடுவாள். தண்ணீரை ஒட்டி, எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்த நடைபாதை ஒன்று உண்டு. வெறுங்காலில் எட்டு நடந்தால் சர்க்கரை குறையும் என்று காலையில் பாதிக் கோவை அங்கே வந்து செருப்பைக் கழற்றிப் போடும். ஒன்பது மணிக்குக் கதவடைக்கும்வரை அவள் துடைப்பமும் கையுமாக அந்தச் செருப்புகளையே சுற்றி வருவாள்.

காரணம் இல்லாமல் இல்லை. கரை வெறும் மண்ணாகக் கிடந்த காலத்திலேயே, பொள்ளாச்சிக் கொப்பரைக் களத்தில் காய்ந்தது போதும் என்று இங்கே வேலைக்கு வந்தவள் அவள். ஒருநாள் கரையோரம் ஒரு ஜோடிப் பெண் செருப்பு கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று துடைத்து எடுத்து வைத்தாள். மறுநாள் அந்தப் பெண்ணைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள்.

"அப்பவே நாலு பேரக் கூப்புட்டிருந்தா அந்தப் புள்ள பொழைச்சிருக்குமுங்க" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திறந்த மேடையில் பாட்டுப் போட்டு நடனப் பயிற்சி. எட்டுக்கு எட்டாத தூரத்தில், குளத்தை ஒட்டிய கம்பி வேலி ஓரமாக ஒரு நீலச் செருப்பு ஜோடி. பாப்பாயி மேடையேறி, பயிற்சி நடத்திய ஸ்ரீனிவாஸின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிவிட்டாள்.

"பாட்ட நிறுத்துங்க! கம்பிகிட்ட நீலச் செருப்பு கெடக்குது. யாருதுங்க?"

ஆடிக்கொண்டிருந்த நவ்யா என்ற கல்லூரிப் பெண் கை தூக்கினாள். "என்னுதுதாங்கக்கா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். அதோடு விட்டேனா? நடைப்பயிற்சிச் சங்கச் செயலாளர் என்ற பவிசு வேறு. மனுப் போட்டு, வாசலிலேயே செருப்பு அடுக்க இரும்புத் தட்டு வைக்கச் செய்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

பாப்பாயி மட்டும் என்னிடம் வந்தாள். "எல்லாத்தையும் ஒரே எடத்துல வெச்சுப்போட்டா, யாரு எட்டு நடக்கப் போனாங்க, யாரு தண்ணிப் பக்கம் போனாங்கன்னு எப்படிங்க தெரியும்?"

"உங்க வேலை கூட்டறதுங்க அம்மணி" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கு கூசுகிறது.

நேற்று ஒன்பது மணிக்குக் கூட்டம் கலைந்துவிட்டது. கிளம்பலாம் என்று நான் என் செருப்பை எடுத்தேன். தட்டில் இன்னும் ஒரு ஜோடி இருந்தது. பழுப்பு நிறம், இடது குதிகால் தேய்ந்தது. பாப்பாயி அதைப் பார்த்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"ஏனுங்க, இது தெனமும் உங்களுக்கு முன்னால நடப்பாரே, அவரோடதுங்க. இன்னிக்கு எட்டுல அவரு நடந்தாருங்களா?"

இல்லை. அன்று காலை என் முன்னால் பாதை காலியாக இருந்தது. விரசாக நடக்க முடிந்ததே என்று சந்தோஷப்பட்டேன். இருவரும் வேலியோரம் ஓடினோம். கரையில் ஆள் இல்லை. ஆகாயத்தாமரை ஓரிடத்தில் விலகிக் கிடந்தது.

"நான் ஆளும் கவுறும் கொண்டு வாரேன். நீங்க அவரு பேரச் சொல்லிச் சத்தம் போடுங்க!" என்று கத்திக்கொண்டே அவள் ஓடினாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். நான்கு வருடம் அந்த முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது.