பத்மா அக்கா யாருடைய கப்பையும் கழுவியதில்லை

பத்மா அக்கா போய்விட்டார். நேற்று சாயங்காலம்... மாரடைப்பு.

ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் எழுதுகிறேன். காவிரிப் பாலத்தில் வண்டி நகரவில்லை.

தெரியாதவர்களுக்காக. தென்னூரில் எங்கள் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அவர் டெஸ்டர். மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. நானும் அதே வேலைதான். பக்கத்து நாற்காலி.

காலையில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் ஆனந்த் சார் இரங்கல் போட்டிருந்தார். பத்மா எங்களுக்கு அம்மா மாதிரி, ஆபீஸ் கிச்சனைத் தன் வீட்டு அடுப்படி போலப் பார்த்துக்கொண்டார் என்று. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

இல்லை சார்.

கிச்சனைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சரசு அக்கா வேலையை விட்டுப் போன மாதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிங்க் நிறைய கப். அடியில் காய்ந்த டீ, விளிம்பில் பாலாடை. யாருடையது என்றே தெரியாத ஒரு தயிர்சாத டப்பா... அதைத் திறக்க ஆளில்லை.

நீங்கள் என்னிடமும் பத்மா அக்காவிடமும் வந்தீர்கள். லேடீஸ் கொஞ்சம் பாத்துக்கங்களேன் என்றீர்கள்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குடிச்சது யாரு சார்? அவங்க பாத்துக்கட்டும்."

தன்னுடைய நீலப்பூ கப்பை மட்டும் கழுவித் துடைத்து டிராயரில் வைத்துப் பூட்டினார். பிறகு சிங்க்கின் பேரில் ஒரு பக், அதாவது தப்புப் புகார், போட்டார். நிஜமாகவே... புரோகிராமில் தப்பு இருந்தால் பதிவோமே, அதே இடத்தில்.

'செய்ய வேண்டியது: டீ குடிக்கவும். எதிர்பார்ப்பது: சுத்தமான கப். நடப்பது: நேரில் வந்து பார்க்கவும்.'

என் சீட்டில் இந்தப் பிரச்சினை இல்லை என்று எழுதி டெவலப்பர் பையன்கள் அந்தப் புகாரை மூடினார்கள். அக்கா திறந்தார். மூடினார்கள். திறந்தார்.

அந்த நேரத்தில் கழுவியே இருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர்காரர்கள் அல்லவா. இன்றைக்கு யார் கழுவுவது என்று குலுக்கிப் போட பிரபு ஒரு புரோகிராம் எழுத ஆரம்பித்தான். ஒரு வாரம் எழுதினான். ஒரு வாரமும் சிங்க் நாறியது.

எழுதி முடித்தது டெஸ்டிங்குக்கு அக்காவிடம் வந்தது. ஓட்டினார். திரும்பத் திரும்ப ஓட்டினார்.

"ஏன்டா பிரபு, ஆனந்த் சார் பேரு மட்டும் ஏன் வரவே மாட்டேங்குது?"

கம்ப்யூட்டருக்கு எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். பிரபு அவசரத்தில் ஒன்றிலிருந்து எண்ணிவிட்டான். அதனால் பட்டியலின் முதல் பெயர் குலுக்கலிலேயே இல்லை. அகர வரிசையில் முதல் பெயர் ஆனந்த் சாருடையது.

சின்ன பக்தானே, இருந்துட்டுப் போகட்டும் என்று அவன் கெஞ்சினான்.

"சார் பேரு வர்ற வரைக்கும் நான் பாஸ் போட மாட்டேன்."

பிரபு சரி செய்தான். மறுநாள் முதல் குலுக்கலில் விழுந்தது யார் பெயர் என்று ஆபீஸே அறியும். முழுக்கைச் சட்டையை மடித்து விட்டுக்கொண்டு சார் சிங்க் முன்னால் நின்றார். அக்கா வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அடியில விட்டுட்டீங்க சார்" என்றார், அவ்வளவு மரியாதையாக.

சார் மறுபடி தேய்த்தார்.

இந்த அக்காவைத்தான் அம்மா என்கிறீர்கள் சார். ஸ்ரீரங்கத்துலேருந்து வர்றீங்க, ஒரு நாள் புளியோதரை கொண்டு வரக்கூடாதா என்று பையன்கள் கேட்டால், ஒண்ணாம் நம்பர் பஸ் நேரா கோயிலுக்கே போவுது, ஏறுங்க என்பார். எங்கள் யாருக்கும் அவர் பரிமாறியதில்லை. எங்களோடு வேலை பார்த்தார். எங்கள் எல்லாரையும்விட நன்றாக.

குரூப்பில் எழுதியிருக்கிறேன். அந்த வரி தப்பு, மாற்றுங்கள் சார் என்று. நீல டிக் வந்துவிட்டது. பதில் வரவில்லை.

திங்கட்கிழமை ரூமுக்குக் கூப்பிடுவார். கூப்பிடட்டும். அந்த வரியை மாற்றும் வரைக்கும் இந்த பக் திறந்தே இருக்கும்.

பஸ் நகர்கிறது...

நீலப்பூ கப் டிராயரில் இருக்கிறது. யாரும் கழுவ வேண்டாம். சுத்தமாகத்தான் இருக்கும்.

போயிட்டு வாங்க அக்கா.