செல்லியம்மாளுக்குக் கழுத்து நின்ற கதை

தியாகதுருகத்துப் பக்கம் கூலி வேலைக்குப் போகும் செல்லியம்மாள், புல்லுக்கட்டைத் தலையில் வைத்தால் வீடு வரும்வரை கையால் பிடிக்க மாட்டாள். நாற்பத்திரண்டு வயது. கட்டோடு வரப்பில் நடந்தபடியே ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்துவிடுவாள்.

போன வருசம் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது. மருந்தடிக்கிற ஆளுக்கு மருந்தும் தண்ணீரும் கலந்து கொடுப்பது அவள் வேலை. டப்பா மூடி கழன்று புடவை நனைந்தது. "காத்துல காஞ்சிடும்" என்று அப்படியே வேலை பார்த்தாள். மத்தியானத்துக்குள் வாயில் எச்சில் ஒழுகி, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. புருசன் வெங்கடேசன் ஆட்டோ பிடித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

ஊசி போட்டுப் போட்டு மூன்றாம் நாள் காலையில் தெளிந்துவிட்டாள். இட்லி கேட்டாள்.

"ஆடு கத்திக்கினு கெடக்கும்யா. வூட்டுக்குப் போலாம்."

நர்ஸ் தேவிப்ரியா வந்து, "இந்த மருந்து, ஆளு தெளிஞ்ச பெறவும் மொதல்ல கழுத்தத்தான் தளர்த்தும். தலகாணில இருந்து தலய மட்டும் தூக்குங்கம்மா" என்றாள்.

"இன்னா பாப்பா, இதெல்லாம் ஒரு வேலையா?" என்று சிரித்தபடி தூக்கினாள். தலை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். ஊகூம். தேவிப்ரியா டாக்டரைக் கூப்பிட ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மூச்சும் திணற, தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் இணைத்தார்கள்.

நினைவு மட்டும் தப்பவில்லை. டாக்டர் வெங்கடேசனிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"நரம்பு ஒரு ரசாயனத்த அனுப்பித்தான் சதைய வேல வாங்குது. சதைல அதுக்குன்னு பொடிப் பொடியா கதவுங்க இருக்கு. ரசாயனம் வந்து தட்டுனா தொறக்கும். வேல முடிஞ்சதும் ஒடம்பே அத்தத் தொடச்சிடும். பூச்சிமருந்து தொடைக்க வுடாது. ஓயாம தட்டிக்கினே இருந்தா கதவு மரத்துப்போய் மூடிக்கும். அப்புறம் தட்டுனாலும் தொறக்காது."

"அப்ப சதை செத்துப்போச்சுங்களா?"

"இல்லங்க. கதவு ஒடையல. தட்டுறது அடங்கட்டும், தானா சரியாயிடும். அதுவரைக்கும் மூச்ச மெஷின் பாத்துக்கும்."

வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்க முடியவில்லையே என்பதுதான் செல்லியம்மாளுக்குப் பெரிய வேதனை. 'ஒடையல' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். தேவிப்ரியா தினமும் வந்து தலையைத் தூக்கச் சொன்னாள். ஒன்பதாம் நாள் இரண்டு விரல் உயரம் எழும்பியது. "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று அந்தப் பெண் கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது. பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

"ஆட்டுக்குத் தண்ணி வெச்சியா?" என்று கரகரத்த குரலில் முதல் பேச்சு வந்தது. வெங்கடேசன் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இரண்டு மாதத்தில் பழையபடி வேலைக்குப் போனாள். மருந்து கலக்கக் கூப்பிட்ட நிலக்காரரிடம், "கையுறையும் மாத்துப் பொடவையும் சோப்பும் வரப்புல இருந்தா வரேங்க. இல்லாட்டி வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் மறுநாளே வாங்கி வந்தார்.

கள்ளக்குறிச்சிக்குப் போகும்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்க்கிறாள். போன வாரம் தூக்குவாளி நிறைய மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுபோனாள். தேவிப்ரியா சூடு ஆறுமுன் இரண்டு துண்டு தின்றுவிட்டு, உப்பு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் என்றாள்.