ஜிம்மியின் ஒற்றைத் தும்மல்

நாய் தும்மினால் நாய்க்கு மருந்து கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அப்போது நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. அவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால் போதும், எங்கள் ஜிம்மி ஓடிவந்து, முன்னங்கால்களை நீட்டிக் குனிந்து, ஒரு தும்மல் போடும். ஒன்றே ஒன்று. இரண்டாகப் போட்டுத் தொலைத்தால் சகுனம் சரியாகிவிடும். அந்த அறிவு அதற்கு இல்லை.

அப்பாவின் அக்கா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தாள். அவள் விடமாட்டாள். "ஒத்தத் தும்மல்லா! உக்காருல. தண்ணி குடிச்சிட்டுப் போ."

அப்பா உட்காருவார். ஒருநாள் அப்படி உட்கார்ந்ததில் ஷிப்ட் பஸ் போய்விட்டது. அன்றைக்கே அத்தை தீர்ப்புச் சொன்னாள்: நாயைப் பால்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும். பக்கத்துக் கிராமத்துப் பால்காரரும் தயாராக இருந்தார்.

"சளி புடிச்சிகினு இருக்குதுங்க. எங்க வூட்டாண்ட வந்தா சரியாப் பூடும்."

நான் அழவில்லை, கத்தினேன். சோற்றுத் தட்டைத் தள்ளினேன். "நாய் இங்கதான் இருக்கும், நீங்க ஊருக்குப் போங்க" என்று அத்தையிடம் சொன்னேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

மறுநாள் அப்பா சைக்கிளை எடுத்தார். பின்னால் நான், என் மடியில் ஜிம்மி. மாட்டாஸ்பத்திரி டாக்டர் அதன் மூக்கைப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"சளியும் இல்ல, இரைப்பும் இல்ல. எப்ப தும்முது?"

"அப்பா வேலைக்குக் கெளம்பும்போது மட்டும்" என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அவர விளையாடக் கூப்பிடுது பாப்பா. குஷி வந்தா நாய் இப்படித் தும்மும்."

எனக்குக் கோபம் தாங்கவில்லை. சோறு போடுவது நான், உண்ணி பொறுக்குவது நான். இதுவரை என்னைப் பார்த்து அது ஒரு தும்மல் போட்டதில்லை.

வீட்டில் அத்தை அசையவில்லை. "குஷியோ கஷ்டமோ, தும்மல் தும்மல்தானே."

"சரிக்கா" என்றார் அப்பா. "இனிமே சீக்கிரமாவே பூட்ஸ் போட்டுடுதேன். அது தும்மட்டும். உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போறேன். பஸ்ஸும் போகாது, நாயும் போகாது."

அத்தைக்கு அது போதுமாக இருந்தது. பால்காரர் வேறு நாய் தேடிக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு ஷிப்டுக்கும் அப்பா வாசற்படியில் செம்போடு உட்கார்ந்தார். ஜிம்மி அவர் பூட்ஸின் மேல் தாடையை வைத்துக்கொண்டு படுத்திருக்கும். அவர் ஒவ்வொரு வாயாகக் குடிப்பார். எனக்கு அந்த நிதானம் எரிச்சலாக இருக்கும். நாய் வீட்டிலேயே இருந்ததால் சும்மா விட்டேன்.

அத்தை வடலூர்க் கோயிலுக்குப் போயிருந்த ஒரு நாள், ஜிம்மி தும்மவில்லை. வெயிலில் மல்லாந்து கிடந்தது. அப்பா பூட்ஸோடு வாசலில் நின்று பார்த்தார். செருமினார். பிறகு குனிந்து, துண்டின் நுனியைத் திரித்து அதன் மூக்கில் விட்டார். ஜிம்மி துள்ளி எழுந்து தும்மியது.

"தும்மிடுச்சு, தண்ணி கொண்டா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

செம்பை அவர் முன்னால் நங்கென்று வைத்தேன். சுரங்கத்தில் அவ்வளவு பெரிய இயந்திரத்தை ஓட்டுகிற மனிதர், வீட்டில் இல்லாத அக்காவுக்குக் கூடவா இப்படிப் பயப்படுவார் என்று அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது.